தலைத் தாங்கியும் மடக்கும் இருக்கையும்

மோட்டார் காரின் உறுப்புகளுள் மிகுதியாகப் பேசப்படுபவை எஞ்சினும் பிரேக்கும் சக்கரங்களும்தாம். அவற்றை ஓட்டுபவரும் மெக்கானிக்கும் கவனித்துக்கொள்வார்கள். ஆனால் காரில் உட்கார்ந்து செல்பவர்களே தம் கையால் சரிசெய்துகொள்ள வேண்டிய உறுப்புகள் இரண்டு உண்டு. ஒன்று, இருக்கையின் உச்சியில் சிறு தலையணைபோல் நிற்கும் ஹெட்ரெஸ்ட். இதனைத் தலைத் தாங்கி என்று சொல்லலாம். மற்றொன்று, சாமான் ஏற்றுவதற்காக மடித்துப் போடும் பின் இருக்கை. நம்மில் எவருக்கும் கார் ஓட்டும் உரிமம் பெறும் வயது இன்னும் ஆகவில்லை. ஆயினும் காரின் பின் இருக்கை நம்முடையதன்றோ? நாமும் தம்பி தங்கைகளும் பாட்டியும் அமர்ந்து செல்வது அங்கேதான். ஆகவே இவ்விரண்டையும் பற்றி எழுத முற்பட்டோம்.

பள்ளி விட்டதும் வாசலில் வந்து நிற்கும் கார்களைச் சில நாட்கள் நாங்கள் கூர்ந்து பார்த்தோம். பல கார்களில் பின் தலைத் தாங்கிகள் இருக்கையோடு இருக்கையாக அமிழ்ந்து கிடந்தன. சிலவற்றில் வாங்கிய நாளன்று இருந்த பாலித்தீன் உறைகூட இன்னும் கழற்றப்படவில்லை. காரில் அதுவும் ஓர் அலங்காரம் என்றே பலர் எண்ணிவிட்டார்கள் போலும்.

ஒரு காலத்தில் இவ்வுறுப்பே கார்களில் கிடையாது. நம் தாத்தாக்கள் ஏறிச் சென்ற பழைய அம்பாசிடர் காரை நினைத்துப் பாருங்கள். முன்னிருக்கை ஒரே பெஞ்சாக, சோபாபோல் இருக்கும். முதுகு முடியும் இடத்தோடு இருக்கையும் முடிந்துவிடும். கழுத்துக்குப் பின்னால் வெற்றிடந்தான். அமெரிக்காவில் 1969-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்குப் பின் செய்யப்படும் கார்களின் முன்னிருக்கைகளில் தலைத் தாங்கி இருந்தே ஆகவேண்டும் என்று விதி வந்தது. அவ்விதி இதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘தலையைத் தடுப்பது’ என்று பொருள்படும். தலை சாய்த்து உறங்குவதற்கன்று, தலையைத் தடுத்து நிறுத்துவதற்கே இது வந்தது என்பது அப்பெயரிலேயே விளங்கும்.

எதிலிருந்து தடுக்கிறது? ஒன்பதாம் வகுப்பில் நாம் படித்த நியூட்டனின் முதல் விதியை இங்கே நினைவுகூர்வோம். ஓய்விலுள்ள பொருள், வெளி விசை தாக்காத வரையில் ஓய்விலேயே இருக்க விரும்பும். சிவப்பு விளக்குக்காக ஒரு கார் நிற்கிறது. பின்னால் வந்த வேன் ஒன்று பிரேக் பிடிக்கத் தாமதித்து அதன்மேல் மோதுகிறது. கார் முன்னே தள்ளப்படுகிறது. காரோடு சேர்ந்த இருக்கையும் முன்னே பாய்ந்து, அமர்ந்திருப்பவரின் முதுகை முன்னே தள்ளுகிறது. ஆனால் தலைக்குப் பின்னால் ஒன்றும் இல்லையெனில், தலையைத் தள்ளுவார் யாரும் இல்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. உடம்பு முன்னே போக, தலை பின்தங்க, இடையில் அகப்படுவது கழுத்து.

மனிதத் தலையின் எடை ஏறக்குறைய நான்கரை முதல் ஐந்து கிலோ. அதைத் தாங்கி நிற்பவை ஏழே ஏழு கழுத்தெலும்புகள். (ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் ஏழு எலும்புகள்தாம் என்பதை உயிரியல் வகுப்பில் கேட்டு நாங்கள் நம்ப மறுத்தது உண்டு.) மோதிய கணத்தில் கழுத்து முதலில் பாம்பு நெளிவதுபோல் இருபுறமாக வளைகிறது, அதன்பின் தலை பின்னால் சாய்ந்து, மறுபடி முன்னே வீசப்படுகிறது. சாட்டையைச் சொடுக்குவதை ஒத்திருப்பதால் இக்காயத்துக்கு ஆங்கிலத்தில் ‘விப்லாஷ்’ என்று பெயர். இவ்வளவும் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பெரும்பாலும் நடந்து முடிந்துவிடும். கண்ணிமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்று இலக்கண வகுப்பில் படிக்கிறோமே, அந்த அளவுதான். மோதப் போகிறது என்று தெரிந்து தலையை எட்டிப் பிடிப்பதற்கோ, தலைத் தாங்கியை அப்போது உயர்த்துவதற்கோ நேரம் ஏது?

இதில் ஒரு தந்திரமும் உண்டு. விபத்து நடந்தவுடன் பலருக்கு ஒன்றும் தெரியாது. இறங்கி வந்து, பம்பரில் மட்டுந்தான் சிராய்ப்பு என்று சொல்லிப் புறப்பட்டுவிடுவார்கள். மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாது, தலைவலி வரும், சிலருக்குத் தலைசுற்றலும் வரும். எக்ஸ்-ரே எடுத்தால் எலும்பு நன்றாகவே இருக்கும், ஏனெனில் காயம்பட்டவை மெல்லிய தசைகளும் எலும்புகளைப் பிணைக்கும் நார்களும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குணமாகிவிடும். சிலருக்கோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட நீடிக்கும்.

இனி, தலைத் தாங்கியை எவ்வளவு உயரத்தில் வைப்பது? அதன் மேல்விளிம்பு நம் உச்சந்தலைக்குச் சமமாக இருக்கவேண்டும். அவ்வளவு உயரம் எழும்பாத தாங்கியானால் எழும்பும் மட்டும் உயர்த்தி, குறைந்தது காதின் மேல்நுனியைத் தாண்டியாவது இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கழுத்துக்குக் குழிவாக இதமாக இருக்கிறது என்று கழுத்தளவில் வைத்துக்கொள்வோர் மிகப் பலர். அது தவறு மட்டுமன்று, ஆபத்தும் ஆகும். நெம்புகோல் பாடத்தில் ஆதாரப்புள்ளி என்று படித்தோமே, தாழ்ந்த தாங்கி கழுத்துக்குப் பின்னால் அத்தகைய ஆதாரப்புள்ளியாக நின்றுவிடும். தலை அதன்மேல் விழுந்து பின்னால் மடியும்.

உயரத்தை விட்டால் அடுத்தது இடைவெளி. பின்மண்டைக்கும் தாங்கிக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இராமல் பார்த்துக்கொள்வது நல்லது. அளவுகோல் தேட வேண்டியதில்லை. மூன்று விரல்களைச் சேர்த்து நுழைத்துப் பார்த்தால் போதும். இடைவெளி கூடுதலாயின் தாங்கியைக் குறை சொல்வதற்குமுன் இருக்கையின் முதுகைப் பாருங்கள். ஈசிசேரில் படுப்பதுபோல் பின்னால் சாய்த்து வைத்திருந்தால் தலை தானாகவே தாங்கியை விட்டு முன்னே வந்துவிடும். முதுகை நிமிர்த்தினால் இடைவெளி குறையும். கடைகளில் வாங்கிக் கட்டும் தடித்த மெத்தை உறைகளும் முதுகை முன்னே தள்ளி இந்தக் கணக்கைக் கெடுக்கின்றன.

உயர்த்தும் முறை எளிது. தாங்கியை இரு கம்பிகள் தாங்கி நிற்கும். அக்கம்பிகள் இருக்கையின் உச்சியிலுள்ள இரு துளைகளில் இறங்கியிருக்கும். துளைகளின் வாயில் பிளாஸ்டிக் வளையமும், அதில் ஒரு சிறு பொத்தானும் உண்டு. பெரும்பாலான கார்களில் உயர்த்துவதற்குப் பொத்தானைத் தொடவே வேண்டாம்; இரு கைகளாலும் நேராக மேலே இழுத்தால் ‘டக், டக்’ என்று படிப்படியாக ஏறும். இறக்குவதற்குத்தான் பொத்தானை அழுத்தவேண்டும். கம்பியில் சிறு வெட்டுக் குறிகள் இருப்பதைக் காணலாம்; உள்ளேயுள்ள கொக்கி அக்குறியில் விழுந்தால்தான் தாங்கி பூட்டிக்கொள்ளும். ஆகையால் உயர்த்தியபின் உள்ளங்கையால் மேலிருந்து ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். இறங்கினால் பூட்டவில்லை என்று பொருள். வண்டி ஓடும்போது ஓட்டுபவர் இதைச் செய்யவே கூடாது. சில சிறு கார்களில் தாங்கியும் இருக்கையும் ஒரே துண்டாக வார்க்கப்பட்டிருக்கும். அவற்றில் சரிசெய்ய ஒன்றும் இல்லை.

பெண்களாகிய நமக்கு இதில் தனியான ஒரு தொல்லை இருப்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டினாலும், அம்மா கொண்டை போட்டு அதைச் சுற்றி மல்லிகைச் சரம் வைத்தாலும், தாங்கி அதன்மேல் இடித்துத் தலையை முன்னே தள்ளுகிறது. கல்யாணத்துக்குப் போகும் வழியில் பூ கசங்குகிறது என்று தாங்கியையே கழற்றி டிக்கியில் போட்டுவிடுவதும், முன்பின்னாகத் திருப்பிச் செருகுவதும் எத்தனையோ வீடுகளில் நடக்கின்றன. இந்தத் தொல்லையைக் கார் செய்பவர்கள் அறியாமல் இல்லை. ஸ்வீடன் நாட்டு வால்வோ கம்பெனி, முழுவதும் பெண்களே கொண்ட ஒரு குழுவிடம் ஒரு மாதிரிக் காரைத் திட்டமிடச் சொல்லி, 2004-ஆம் ஆண்டு ஜெனீவா கண்காட்சியில் வைத்தது. அந்தக் காரின் தலைத் தாங்கியில், பின்னால் முடிந்த கூந்தலுக்கென்று நடுவில் ஒரு பள்ளம் விட்டிருந்தார்கள்! அக்கார் விற்பனைக்கு வரவில்லை. அது வரும்வரையில் காரில் போகும்போது கொண்டையைச் சற்றுத் தாழ்த்தியோ, சடையை முன்தோளில் எடுத்துப் போட்டோ செல்வதுதான் வழி. பூவைப் போய்ச் சேர்ந்தபின் வைத்துக்கொள்ளலாமே.

கொண்டை போகட்டும், இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பின்னாலிருந்து மோதும் விபத்துகளில் கழுத்துக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாக ஏற்படுகிறது என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் இருக்கைகளையும் தாங்கிகளையும் சோதிப்பதற்காகக் காரில் உட்காரவைத்து மோதும் பொம்மைகளோ, நடுத்தர உயரமுள்ள ஓர் ஆணின் அளவிலேயே பெரும்பாலும் செய்யப்பட்டு வந்தன. சிறிய பெண் பொம்மை என்று ஒன்று இருந்தாலும், அது ஆண் பொம்மையைச் சுருக்கிச் செய்ததே. ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் என்னும் பேராசிரியை தலைமையில் ஒரு குழு, சராசரிப் பெண்ணின் உடலமைப்பில், 162 சென்டிமீட்டர் உயரமும் 62 கிலோ எடையும் கொண்ட பொம்மையைச் செய்து 2022-ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டியது. பெண்ணின் உடல் ஆணின் சிறு வடிவமன்று என்பதை உணர்த்துவதற்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. விஞ்ஞானப் பிரிவில் சேர எண்ணும் தங்கைகள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

தானே நகர்ந்து தலையைப் பிடிக்கும் தாங்கிகளும் உண்டு. ஸ்வீடனின் சாப் கம்பெனி 1997-ஆம் ஆண்டில் இத்தகையதைத் தன் காரில் பொருத்தியது. (அக்கம்பெனி 2011-இல் திவாலாகிவிட்டது.) மோதும்போது நம் முதுகு இருக்கையை அழுத்துகிறதல்லவா? அந்த அழுத்தமே இருக்கைக்குள் உள்ள ஒரு நெம்புகோலைத் தள்ள, அது தாங்கியை மேலும் முன்னும் நகர்த்தும். நம் எடையைக் கொண்டே நம்மைக் காப்பது எவ்வளவு சாமர்த்தியம்! ஆனால் அதுவும் உயரம் சரியாக இருந்தால்தான் பயன்படும்.

கைப்பேசியில் சுற்றி வரும் செய்தி ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். தாங்கி கழற்ற வருவது, ஆபத்து வேளையில் அதன் கம்பியால் ஜன்னல் கண்ணாடியை உடைப்பதற்காகவே என்கிறது அச்செய்தி. அது சரியன்று. உயரத்தை மாற்றவும் இருக்கையை மடிக்கவும் வசதியாகவே அது கழற்றும்படி அமைந்திருக்கிறது. இக்கட்டில் கையில் கிடைத்ததைக் கொண்டு கண்ணாடியை உடைக்க முயல்வதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் அதை நம்பி, உரிய சுத்தியலை வாங்காமல் இருக்கவேண்டாம்.

பின் இருக்கைக்கு வருவோம். ஆளில்லாதபோது பின் தாங்கிகளைத் தாழ்த்தி வைப்பதில் குற்றமில்லை. ஓட்டுபவர் கண்ணாடியில் பின்னால் பார்ப்பதற்கு அது உதவும். ஆள் ஏறியதும் உயர்த்தவேண்டும் என்பதுதான் மறந்துவிடுகிறது. சில கார்களில் நடு இடத்துக்குத் தாங்கியே கிடையாது. அங்கே உயரமானவரை உட்காரவைத்துவிட்டு, தாங்கியுள்ள ஓரத்தில் தலை எட்டாத சிறுமியை வைப்பது பொருத்தமன்று.

பின் இருக்கையை மடிப்பது பெரும்பாலும் விசேஷ நாட்களில்தான் நடக்கும். வாழை மரம், குத்துவிளக்கு, சீர்வரிசைத் தட்டுகள், விடுதிக்குப் போகும் அக்காவின் மெத்தை, சைக்கிள், இப்படி டிக்கியில் அடங்காதவை வரும்போது மடிக்கிறோம். முழுவதும் ஒன்றாக மடிவதும் உண்டு. நூற்றுக்கு அறுபதும் நாற்பதுமாகப் பிரிந்து மடிவதும் உண்டு. அவசரத்தில் செய்வதால்தான் விரல் நசுங்குகிறது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டு, குழந்தைகளைக் கீழே இறக்கிய பின்னரே தொடங்கவேண்டும். முன்னிருக்கையைச் சற்று முன்னே நகர்த்தி, பின் தாங்கிகளை முழுவதும் தாழ்த்தவேண்டும்; தாழ்த்தியும் இடிக்குமானால் கழற்றவேண்டும். கழற்றுவதற்குப் பல கார்களில் இரு வளையங்களிலும் உள்ள பொத்தான்களை ஒருங்கே அழுத்தவேண்டியிருக்கும். கழற்றியதைக் காருக்குள் உருளவிடாமல் சாமான்களுக்கிடையே கட்டி வைக்கவேண்டும். திடீர்ப் பிரேக்கில் அதுவே கல்லாகிப் பறக்கும். சீட் பெல்ட்டை ஓரத்தில் அதற்கென உள்ள கொக்கியில் மாட்டி ஒதுக்கியபின், தோள்பக்கத்தில் உள்ள லீவரையோ நாடாவையோ இழுத்து, மற்றொரு கையால் இருக்கையின் முதுகைப் பிடித்தபடி மெல்ல இறக்கவேண்டும். கீல் உள்ள பக்கத்தில் கை வைக்கலாகாது. அடம் பிடித்தால் அழுத்தாமல், எது தடுக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு தண்ணீர் பாட்டிலோ பெல்ட் பக்கிளோ இருக்கும்.

மடித்த இருக்கைமேல் சாமான் போகலாம், மனிதர் போகலாகாது. இடமில்லை என்று சிறுவர்களை மடித்த இருக்கையிலோ டிக்கியிலோ உட்காரவைத்து, போர்வை விரித்துப் படுக்கவைத்துக்கூட, நெடுந்தூரம் அழைத்துச் செல்கிறார்கள். அங்கே பெல்ட்டும் இல்லை, தாங்கியும் இல்லை. பின்னாலிருந்து மோதினால் முதலில் நசுங்கும் இடமும் அதுவே. நீளமான மரத்தை ஏற்றிவிட்டு டிக்கிக் கதவைத் திறந்தபடி ஓட்டுவதிலும் கேடு உண்டு. காரின் பின்னே எழும் காற்றுச் சுழல் புகையை உள்ளே இழுக்கும். அப்புகையில் மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

இருக்கையை மீண்டும் நிமிர்த்தும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். ‘டக்’ என்று ஓசை கேட்கும்வரை பின்னே தள்ளி, பிறகு உச்சியைப் பிடித்து முன்னும் பின்னும் பலமாக ஆட்டிப் பார்க்கவேண்டும். பல கார்களில் பூட்டாத நிலையில் லீவரின் அருகே ஒரு சிவப்பு அடையாளம் தெரியும், பூட்டியதும் மறைந்துவிடும். பூட்டாவிட்டால் என்ன வந்துவிடும்? டிக்கியில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, எதன்மீதோ மோதி, விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது. 50 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 13.9 மீட்டர். அதைப் பத்தில் ஒன்றால் வகுத்து 25-ஆல் பெருக்கினால் சுமார் 3,475 நியூட்டன் விசை வருகிறது. அதாவது ஏறக்குறைய 350 கிலோ எடை இருக்கையின் முதுகில் வந்து அழுத்துவதற்குச் சமம். இதனைக் கருதியே பன்னாட்டு விதி ஒன்றின்படி, இருக்கைக்குப் பின்னால் 18 கிலோ எடையுள்ள இரு கட்டைப் பெட்டிகளை வைத்து, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சோதிக்கிறார்கள். பூட்டிய இருக்கை இச்சோதனையைத் தாங்கும். பூட்டாத இருக்கை அங்கே அமர்ந்திருக்கும் பாட்டியின் முதுகில் அரிசி மூட்டையோடு சேர்ந்து விழும்.

நிமிர்த்திய பின் பெல்ட்டுகளையும் தேடி எடுக்கவேண்டும். அவை முதுகுக்குப் பின்னே சிக்கியோ, பக்கிள்கள் மெத்தைக்கு அடியில் புதைந்தோ கிடக்கும். பக்கிள் அகப்படவில்லை என்ற காரணத்தாலேயே பெல்ட் போடாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். பின் இருக்கையிலும் பெல்ட் போடவேண்டும் என்பது நம் நாட்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி போடாதவர்க்கு 1,000 ரூபாய் அபராதம். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிர மாநிலத்தில் கார் விபத்தில் இறந்தபோது, பின் இருக்கையில் இருந்த அவரும் உடன் இருந்தவரும் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீசார் தெரிவித்தனர். அதன் பிறகு பின் இருக்கைப் பெல்ட்டைப் பற்றி நாடெங்கும் பேச்சு எழுந்தது.

கடைசியாக, கழற்றி வைத்த தாங்கிகள். சாமானை இறக்கிய களைப்பில் இவை வீட்டுத் திண்ணையிலோ மாடிப்படிக்கு அடியிலோ தங்கிவிடுவது வழக்கம். உடனே எடுத்து மாட்டிவிடவேண்டும். எந்தப் பக்கம் முன்பக்கம் என்ற ஐயம் வந்தால் கம்பிகளைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கம்பியில்தான் வெட்டுக் குறிகள் இருக்கும். அது பூட்டுப் பொத்தான் உள்ள துளையில் இறங்கவேண்டும். மாற்றிச் செருகினால் பூட்டாது. முன்னிருக்கையின் தாங்கியும் பின்னிருக்கையின் தாங்கியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பல கார்களில் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. ஆகவே கழற்றும்போதே எது எந்த இடத்தினது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டி வைத்தால் தேடும் வேலை மிச்சம்.